மலை தெரிகிற இருக்கை

எங்கள் கார் திருவண்ணாமலைக்கு வந்த அன்று நான் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

ஸ்டியரிங் என் மனைவி கையில். அவளுக்குப் பக்கத்து சீட்டில் அவளோடு வேலை பார்க்கிறவர். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அவளுக்கு அடுத்த செக்‌ஷன். அவர் ஏற்கெனவே எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர். சென்னையில் யாரோ ஒருவர் தன் பழைய எலெக்ட்ரிக் காரைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக எடுக்கப் போகிறார் என்று மோப்பம் பிடித்துச் சொன்னதும் அவர்தான். அதனால் வண்டியை எடுத்துவரக் கூடவே வந்தார். அவள் அதுவரை டிரைவிங் ஸ்கூல் காரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் முன்னால்தானே உட்கார வேண்டும். நியாயம். நியாயமான விஷயங்களில்தான் பொறாமைக்கு மூச்சு முட்டுகிறது. கத்தவும் முடியாது, காரணம் சொல்லவும் முடியாது.

பின் சீட்டில் எனக்குத் துணை சார்ஜிங் கேபிள் பை, அவருடைய சாப்பாட்டுக் கூடை, ஒரு தலையணை. திண்டிவனம் வரைக்கும் அவர் பேசியதெல்லாம் அவள் காலைப் பற்றித்தான்.

"பிரேக்க தொடாதீங்க மேடம். ஆக்சிலேட்டர்லருந்து கால மட்டும் எடுங்க. வண்டி தானா அடங்கும். அடங்கும்போது கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்பிப் போவும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேகத்தை விட்டுக்கொடுத்தால் அதற்கும் கொஞ்சம் கிடைக்கும். இறக்கத்தில் இறங்குவதும் ஒரு வரவு. இப்படி ஒரு வரிக்காக எத்தனையோ காலைகளில் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் அதைக் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டார், என்ன சொன்னோம் என்று தெரியாமலே. மனைவியை விடுங்கள், அந்த வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

கல்யாணமான நாளிலிருந்து அவளை வெளியே அழைத்துப் போனவன் நான். என் பைக்கில். சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை, ஜவ்வாது மலை, ஒருமுறை பாண்டிச்சேரி வரைக்கும். அவள் கை என் தோளில் இருக்கும். மேடு பள்ளம் வந்தால் விரல்கள் இறுகும். மழை வந்தால் ஏதாவது பூட்டிய கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிற்போம். ஊரையும் வானத்தையும் அவளுக்குக் காட்டியவன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லாததாலேயே அது உள்ளே நன்றாகக் கொழுத்திருந்தது.

இப்போது வண்டியின் முன்பக்கத்தில் இரண்டே இடம். ஒன்று அவளுடையது. இன்னொன்று இனிமேல் யாருடையது என்பதுதான் அன்றைக்கு என்னோடு வீட்டுக்குள் வந்த கவலை.

வண்டி வந்தது பௌர்ணமியை ஒட்டிய நாள். கிரிவலப் பாதையில் எந்த வண்டியையும் விடவில்லை. அதனால் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலிலேயே பூசை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். அவள் காலை லேசாக வைத்ததும் வண்டி உறுமாமல், இருமாமல், பூனை மாதிரி நகர்ந்து பழங்களை நசுக்கியது. ஐயர், "ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அதற்குள் வண்டி அவரைத் தாண்டியிருந்தது. மலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவது மட்டும் பாக்கி நின்றது.

அந்தச் சத்தமின்மைதான் என்னை முதலில் தின்றது. என் பைக் தெரு திரும்பும்போதே அவளுக்குத் தெரியும். நான் வருவதற்குள் கேட் திறந்திருக்கும். அவள் கார் வருவது எனக்குத் தெரிவதே இல்லை. ஜன்னலை எட்டிப் பார்த்தால் போர்ட்டிகோவில் நின்றிருக்கும். உள்ளே அவள் உட்கார்ந்திருப்பாள். இறங்க மாட்டாள். கண்ணாடி ஏற்றியபடி, கைகள் மடியில், சும்மா. ஒரு நாள் பொறுக்காமல் போய்க் கண்ணாடியைத் தட்டி, உள்ளே என்ன வேலை என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கி, இங்கே உட்கார்ந்திருக்கும் வரைக்கும் யாரும் தன்னை எதுவும் கேட்பதில்லை என்றாள். கேட்டவன் நான். கண்ணாடியை மெல்ல ஏற்றிக்கொண்டாள்.

காலையில் காபிக்கு முன் போனைப் பார்ப்பாள், வண்டி எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்று. முழுசாக ஏறியிருந்தால் அவள் முகத்தில் ஒன்று வந்து போகும். என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சாகி வந்த அன்று நான் அந்த முகத்துக்காகக் காத்திருந்தேன். அன்று, நன்றாக இருக்கிறது, அட்டைதான் கொஞ்சம் டல் என்றாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி அவள் என்னை அழைக்காமல் இல்லை. "கிளட்ச் இல்ல, கியர் இல்ல, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். சின்ன வயதில் கிளட்ச்சோடு மல்லுக்கட்டித் தோற்று ஓடியவன் என்பது அவளுக்குத் தெரியும். பார்க்கலாம் என்பேன். கற்றுக்கொண்டால் அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் ஆகிவிடுவாள். அதற்கும் மேலே, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவருடைய பேச்சு அவள் வாய் வழியே எனக்கு வந்து சேரும். ஏற்கெனவே வீட்டில் எதற்கெடுத்தாலும் "சார் சொன்னாரு". டயரில் காற்று எவ்வளவு, சார் சொன்னாரு. வெயிலில் நிறுத்தலாமா, சார் சொன்னாரு. போதாததற்கு மாவட்டத்தில் எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு. அதில் காலை வணக்கத்துக்குப் பதில் நேற்று எவ்வளவு தூரம் போனேன் என்று போடுகிறார்கள். அதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். சமையற்கட்டில் நின்றபடி, தனியாக.

பிறகு ஏற்காடு வந்தது.

ஏற்காடு எங்களுக்குள் ஒரு பழைய பாக்கி. ஒருமுறை பைக்கில் கிளம்பி, ஊத்தங்கரையில் செயின் அறுந்து, மழையில் நனைந்து, பஸ்ஸில் திரும்பி வந்தோம். மறுபடி கூட்டிப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே வயதாகிவிட்டது. இப்போது அவளே, வாங்க, ஏற்காடு போகலாம் என்றாள். எனக்குச் சந்தோஷம் கிளம்புவதற்குள், சார் குடும்பமும் வருகிறார்களாம், இரண்டு வண்டியாகப் போகலாமா என்று கேட்டாள். நான் செய்தித்தாளை மடித்தேன், விரித்தேன். ஓ, தாராளமா என்றேன். அந்த வாரம் முழுக்க அவருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டவில்லை. சின்னதாக ஏதாவது வேலை வரட்டும் என்று மட்டும். வந்தது. அவர் மச்சினியின் வளைகாப்பு. அந்த முகம் தெரியாத பெண்ணை மனதார வாழ்த்தினேன்.

வரவில்லையே தவிர, திட்டம் அவருடையதுதான். குரல் பதிவுகளாக அனுப்பியிருந்தார். அறுபதுக்கு மேல் போகாதீர்கள், வழியில் நல்ல சார்ஜர் கிடையாது, சேலம் நுழைகிற இடத்தில் ஒரு ஓட்டலில் இருக்கிறது, பழைய பேட்டரி என்றாலும் கொஞ்சம் மிச்சத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். அவள் அதைச் சாம்பார் தாளிக்கும்போது ஒருமுறை, துணி மடிக்கும்போது ஒருமுறை கேட்டாள்.

விடிந்ததும் கிளம்பினோம். முழு சார்ஜ். முன் சீட் எனக்கு. பெல்ட்டைப் போட்டுக்கொண்டபோது ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டவன் மாதிரி இருந்தது.

முதலில் மலையைச் சுற்றினோம். அதில் பேச்சே இல்லை. வெளியூருக்கு முதல்முறையாகத் தூரமாய்ப் போகிற வண்டி, மலையைச் சுற்றாமல் எப்படிப் போகும்? தெற்கே இறங்கி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வலப்பக்கம் கிரிவலப் பாதைக்குள் திரும்பி, ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஓரங்கட்டி, கற்பூரம் ஏற்றி, ஸ்டியரிங்குக்கு விபூதி பூசி. நிற்கும்போதெல்லாம் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று யாருக்குத் தெரிகிறது.

அப்போதுதான் கவனித்தேன். கிரிவலத்தில் மலை எப்போதும் வலக்கைப் பக்கம். காரில் வலக்கைப் பக்கம் ஓட்டுகிறவருக்கு. எனக்குக் கிடைத்தது இடப்பக்கம். டீக்கடை, மடத்துச் சுவர், வாடகை ஸ்கூட்டரில் வெறுங்காலோடு போகும் வெள்ளைக்காரர்கள், காவி காயும் கொடி. மலையைப் பார்க்க வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அவள் மூக்கு, மூக்குத்தி, அதற்குப் பின்னால் மெதுவாகத் தோள் திருப்பிக்கொள்ளும் மலை. பைக்கில் அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. இப்போது மலையும் அவள் பக்கம் போய்விட்டது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மலை. அதன்மேல் பொறாமைப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

சுற்றி முடித்துப் பெரிய கோயில் பக்கம் வந்து, கொஞ்ச நேரத்துக்கு முன் போன அதே செங்கம் ரோட்டில் மறுபடி போனோம். அந்தச் சுற்று பதினாலு கிலோமீட்டர் என்று இந்த ஊரில் பால் பாக்கெட் போடுகிறவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலையைச் சுற்றுவது போக்குவரத்தில் சேராது. புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம், போனோம் என்று எப்படிச் சொல்வது? காலால் நடந்து பழகியதை யாரும் தூரமாக எண்ணுவதில்லை. பேட்டரி எண்ணியது.

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை. செயின் அறுந்த இடத்தைக் காட்டினேன். அவள் அறுபதைத் தாண்டாமல் ஓட்டுவதில் மும்முரமாக இருந்தாள். ம் என்றாள். அரூர் தாண்டியதும் அவள் அடிக்கடி திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். ஏசியை அணைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். வெயில் உள்ளே வந்து மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்தது. பாப்பிரெட்டிப்பட்டி போய் மஞ்சவாடி கணவாயின் ஏற்றம் தூரத்தில் தெரிந்தபோது திரையில் ஓர் ஆமைப் படம் எரிந்தது. பேட்டரி அடியைத் தொட்டுவிட்டால் வண்டி காட்டும் படம். அதற்கப்புறம் எவ்வளவு மிதித்தாலும் ஆமையாகத்தான் போகும்.

புளியமரத்து நிழலில் நிறுத்தினாள். போனை எடுத்தாள். யாரைக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அவனிடம் இப்போது என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். என்னிடம் பதில் இருந்திருக்காது. இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. வளைகாப்பில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்திருப்பார்.

கதவைத் திறந்து நடந்தேன். எதிர் வெயிலில் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மாவு மில். மில் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் பெரிய பிளக். இவ்வளவு யோசிக்க எனக்கும் தெரிந்திருந்தது. உள்ளே தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தும்மல்களுக்கு நடுவே.

அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "போனுக்கு சார்ஜ் போடத்தான் இதுவரைக்கும் ஆளுங்க வந்துனு இருந்தாங்க. நீங்க காரையே எடுத்துனு வந்துட்டீங்க" என்றார். பிறகு, இந்த மூட்டை முடியட்டும், மில் ஓடும்போது போட்டால் மோட்டார் இழுக்காது, அதுவரைக்கும் உட்காருங்கள் என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூசி தட்டிப் போட்டார்.

வண்டியை ஆமையாக ஓட்டிக்கொண்டு வந்து மில் வாசலில் நிறுத்தினாள். மூட்டை முடிந்தது. கேபிளைச் செருகினோம். சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று திரை காட்டியதைப் பார்த்துவிட்டு அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். மத்தியானம் முழுக்க அங்கேதான்.

அந்த அம்மாள் வேலை ஓய்ந்ததும் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவள் எந்த ஆபீஸ், எவ்வளவு நாளாக ஓட்டுகிறாள் என்றெல்லாம் கேட்டார். கடைசியாக என்னைக் காட்டி, நான் அங்கே இல்லாத மாதிரி, "அவரு ஓட்ட மாட்டாரா?" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு லாரிகூட வரவில்லை.

"இத்தினி வருஷமும் அவருதான் ஓட்டினாரு" என்றாள். "எங்கெங்கயோ போனோம். நான் எல்லா ஊர்லயும் அவரு முதுகத்தான் பாத்துனு வந்தேன்."

அந்த அம்மாள் தொடையில் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். குற்றமாகச் சொல்லவில்லை, சட்டை நிறத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். செஞ்சிக் கோட்டை, ஜவ்வாது மலை மேகம், பாண்டிச்சேரி ரோட்டில் முதன்முதலாகக் கடல் தெரிகிற திருப்பம். பார் பார் என்று கத்தியது நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு முன்னால் என் முதுகு இருந்திருக்கிறது. வேர்வை வட்டம் பூத்த சட்டை. நான் காட்டிய ஊரெல்லாம் அதன் ஓரத்தில் வழிந்தது மட்டும்தான். காலையில் மலையைப் பார்க்க முடியாமல் அவள் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு வந்தேனே, அதுபோல எத்தனை காலைகள் அவளுக்கு.

இதைச் சொல்லி ஏதாவது பேச வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய போன் அடித்தது.

சார்தான். ஆபீஸ் குரலில் பேசினாள். ஆமை வந்துவிட்டது, ஒரு மில்லில் போட்டிருக்கிறோம், பிரச்சினை இல்லை. அவர் விடவில்லை. கணக்குப்படி வந்திருக்க வேண்டுமே, எங்கே தப்பியது என்று கேட்டிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மலை ஞாபகம் வந்தது. அவள் கண் என் பக்கம் வந்து போனதில் தெரிந்தது.

"இல்ல சார், ஏசி ஜாஸ்தி வெச்சிட்டோம். வெயில் அந்த மாதிரி."

அவர் ஏதோ சொன்னார். சரி சார், சரி சார் என்று வைத்தாள். வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு, மலையைச் சொல்லவில்லையே என்றேன்.

"மலை சுத்துனதையெல்லாம் போயி கணக்குல சொல்லுவாங்களா?" என்றாள்.

அது பக்தியா, எனக்காகவா, வெறும் வெட்கமா என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாத பதினாலு கிலோமீட்டர் எங்களிடம் இருந்தது. அது போதும் என்று அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். பேட்டரி ஓரளவு ஏறியதும் அந்த அம்மாள் வண்டியைத் தடவிப் பார்த்தார், உட்கார்ந்து பார்க்கலாமா என்றார். அவள் உடனே கேபிளைக் கழற்றி, வாங்கக்கா, ஒரு ரவுண்டு போகலாம் என்றாள். என் சீட்டில் ஏறி உட்கார்ந்தார் அந்த அம்மாள். போகும்போது கண்ணாடியை இறக்கி, "தம்பி, மிளகாய ஆடு வந்து கலைச்சிடும், பாத்துக்க" என்றார். நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு தார்ப்பாய் ஓரம் நின்றேன். வண்டி சத்தமில்லாமல் திரும்பிப் போனது. சிரிப்பு மட்டும் கேட்டது.

சேலத்துக்குப் பொழுது சாய்ந்துதான் போனோம். ஓட்டல் சார்ஜரில் இன்னும் இரண்டு கார்கள். அதன் சொந்தக்காரர்கள் அவளிடம் வந்து, இந்த மாடல் ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் கொடுக்கிறது மேடம், கணவாய் ஏறும்போது எவ்வளவு குடிக்கும் என்று கேட்டார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், இறக்கத்தில் கரண்ட் திரும்பி வருவதைச் சொன்னாள், சார் சொன்ன அந்த வரியையும் சொன்னாள். நான் இரண்டு கையிலும் டீயோடு நின்றேன். ஒரு டீ ஆறியது.

ஏற்காட்டில் மறுநாள் காலை ஏரியில் பனி இருந்தது. படகில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன், வேண்டுமென்றே. முதுகு காட்டாமல். ஏன் இப்படி முறைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உள்ளங்கையால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். படகோட்டி அவளிடம்தான் பேசிக்கொண்டு வந்தான்.

திரும்பும்போது அவள் தானே கணக்குப் போட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. சேலத்தில் நிரப்பினோம். மில் வாசலில் நிறுத்தி அந்த அம்மாளுக்கு ஒரு பை ஆரஞ்சு கொடுத்தோம். என் சீட்டில் அவர் விட்டுப்போன மிளகாய்த்தூள் இன்னும் இருந்தது போலிருக்கிறது, அரூர் வரைக்கும் தும்மினேன். அவள் ஒவ்வொரு தும்மலுக்கும் சிரித்தாள். எனக்கு வாட்ஸாப்புக்குச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இது கொஞ்சம் நீளம் என்று முடிவு செய்தேன்.

செங்கம் தாண்டி வெகுதூரம் வந்ததும் மலை தெரிந்தது. முதலில் ஒரு நீலக் கறை, பிறகு ஒரு தோள், பிறகு முழு உடம்பு. கிட்ட வரவர அது என் பக்கம் ஒதுங்கி வந்தது. செங்கம் ரோட்டில் ஊருக்குள் வருகிறபோது மலை இடக்கைப் பக்கம். போகும்போது அவளுடையதாக இருந்தது, வரும்போது என் ஜன்னலில் நிறைந்து நின்றது. சாயங்கால வெயில் அதன் மேல் பாதியில் மட்டும் இருந்தது.

அவள் ரோட்டையும் என் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். காலை எடுத்திருப்பாள், வண்டி தானாக அடங்கியது.

"கொஞ்சம் பின்னாடி சாஞ்சு உக்காருங்க" என்றாள். "மலைய மறைக்கிறீங்க."

நான் உடனே சாயவில்லை.